எங்கள் வாசலில் வடிந்த தண்ணீர்

ஒக்லாந்தின் தெற்கே, பாபகூராவில் நாங்கள் முதலில் குடியிருந்தது ஒரு சரிவில் கட்டிய மரவீட்டின் கீழ்த்தளம். மேல்தளத்தில் வீட்டுக்காரர் இருந்தார்கள். கராஜுக்குப் பக்கத்தில் கிடந்த இடத்தை இரண்டு அறைகளாகத் தடுத்து, ஒரு சின்னக் குசினியும் குளியலறையும் வைத்து எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வாசல் வீட்டின் தெற்குப் பக்கத்தில் இருந்தது. நியூசிலாந்தில் வெயில் வடக்கால் சுற்றிப் போகும் என்பது அங்கு குடிபோன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெற்குச் சுவர் மே மாதத்தில் நனைந்தால் செப்டெம்பர் வரை காயாது.

வீட்டுக்காரர் மலேசியத் தமிழர். அவர் ரயிலில் நகரத்துக்குப் போய் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்தார். மனைவி உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. ஒரே மகள், ஆரம்பப் பள்ளியில் படித்தாள். கடையில் நானும் என் கணவரும் பருப்புக்கு முன்னால் நின்று தமிழில் கதைத்ததைக் கேட்டுத்தான் அந்த அக்கா எங்களிடம் வந்தா. எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தா. அகதியாக வந்து இன்னொரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னதும், தங்கள் வீட்டின் கீழ்ப்பகுதி சும்மாதான் கிடக்கிறது என்றா. அடுத்த வாரமே குடிபோனோம். அவர்கள் நல்லவர்கள் என்று நான் ஊருக்கு எழுதினேன். அப்போது அது உண்மையாகவும் இருந்தது.

என் கணவர் யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். ஒக்லாந்தில் அவருக்குக் கிடைத்தது புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்யும் கொட்டகையில் வேலை. விடிய முன்னர் றப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கூட வேலை செய்த ஒருவரின் காரில் போவார். உருளைக்கிழங்கு மண் நகக்கண்ணில் ஏறிய கையோடு வருவார். நான் வீட்டில் இருந்தேன். பள்ளி விட்டதும் மேல்வீட்டு மகளைக் கூட்டிவந்து, தாய் வரும்வரை மேலே அவளோடு இருப்பது என் பொறுப்பு. அதைப் பேசித்தான் வாடகையை ஒழுங்கு செய்திருந்தோம். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவருக்கும் அது வசதியாகவே இருந்தது.

முதல் மாரிக்குளிர் தொடங்கும் நேரத்தில் அவர்கள் மேலே ஒரு ஹீட் பம்ப் பூட்டினார்கள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அது இல்லை. எல்லோரும் விறகு எரித்தார்கள், அல்லது சுவரில் கொழுவும் மின்சார ஹீட்டரோடு காலம் தள்ளினார்கள். மலேசியப் பழக்கத்தில் அக்கா அதை ஏர்கோன் என்றுதான் சொல்லுவா. அதன் உள்பெட்டி மேல் ஹோலின் சுவரில் இருந்தது. வெளிப்பெட்டியை, பெரிய விசிறி வைத்த அந்தக் கனத்த பெட்டியை, கீழே எங்கள் வாசற்படிக்குப் பக்கத்தில், படுக்கையறை யன்னலுக்கு நேரே ஒரு கொங்கிறீற் பலகையில் வைத்தார்கள். வீட்டின் முன்பக்கத்தில் வைத்தால் பார்க்க வடிவில்லை என்று அக்கா சொன்னாவாம்.

அது எப்படி வேலை செய்கிறது என்று என் கணவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். வெளிக்காற்று எவ்வளவு குளிராக இருந்தாலும் அதற்குள் கொஞ்சம் வெப்பம் இருக்கும். அதைப் பிழிந்தெடுத்து உள்ளே அனுப்புவதுதான் அந்த மெஷினின் வேலை. பிழிந்த பிறகு மிஞ்சும் காற்றை, முன்னையதிலும் குளிரான காற்றை, விசிறி வெளியே தள்ளிவிடும். எங்கள் விஷயத்தில் வெளி என்பது எங்கள் யன்னல்.

மேலே பிள்ளையோடு இருந்து, அக்கா வந்த பிறகும் கொஞ்சம் நிற்கும் பின்னேரங்களில் அந்த வெப்பத்தில் நானும் இருந்திருக்கிறேன். அது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவர்கள் அதைப் பாவித்த விதம் எனக்கே சரியாகப் படவில்லை. காலையில் எல்லோரும் போகும்போது நிறுத்திவிடுவார்கள். வீடு நாள் முழுக்க ஆறிக் கல்லாகக் கிடக்கும். பின்னேரம் அக்கா வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் ரிமோட்டை எடுத்து முப்பதில் வைப்பா. முப்பதில் வைத்தால் கெதியில் சூடாகும் என்பது அவவின் எண்ணம். பிறகு மீன் பொரிக்கும் மணம் போக வேண்டும் என்று குசினி யன்னலைத் திறப்பா. படுக்கையறைக் கதவு, குளியலறைக் கதவு, படிக்கட்டுக் கதவு எல்லாம் ஆவென்று கிடக்கும். உள்பெட்டியில் தூசு பிடிக்கும் வலைத்தட்டை யாரும் கழற்றிக் கழுவி நான் பார்க்கவில்லை.

இதெல்லாம் கீழே எங்களுக்கு வந்து சேர்ந்தது. மெஷின் எவ்வளவு கஷ்டப்படுகிறதோ அவ்வளவு குளிரை எங்கள் யன்னலில் கொட்டும். யன்னற்கண்ணாடியின் உட்பக்கம் வியர்த்து, திரைச்சீலையின் அடி கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. உறைபனி விழும் காலைகளில் வெளிப்பெட்டியின் முதுகு முழுக்க வெள்ளையாக ஐஸ் கட்டிவிடும். பிறகு விசிறி நின்று, மெஷின் தன்னைத் தானே சூடாக்கி அந்த ஐஸை உருக்கும். ஆவி பறக்கும். முதல் தடவை நான் நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்து வெளியே ஓடினேன். உருகிய தண்ணீர் பெட்டியின் அடியால் வடிந்து, கொங்கிறீற்றில் ஓடி, எங்கள் வாசற்படியில் வந்து நின்று, அங்கே திரும்பவும் உறைந்தது. கண்ணாடி போல மெல்லியதாக இருக்கும். வெளிச்சம் வராத நேரத்தில் கண்ணுக்கே தெரியாது.

நான் அக்காவிடம் சொன்னேன். சண்டையாக இல்லை, அப்படி மேலே நின்ற ஒரு பின்னேரம், தேத்தண்ணி குடித்தபடி, இரைச்சலும் குளிரும் கொஞ்சம் கூடவாக இருக்கிறது, தண்ணீரும் படியில் உறைகிறது, பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்க ஏலாதா என்று கேட்டேன். தள்ளுவதென்றால் குழாய் எல்லாம் மாற்ற வேண்டுமாம். ஆனாலும் தன் கணவரிடம் சொல்லி ஏதாவது செய்யச் சொல்கிறேன் என்றா.

வீட்டுக்கார அண்ணர் செய்தார். ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று, மரப்பலகை வாங்கி அறுத்து, வெளிப்பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் மேலேயும் அடைத்து ஒரு கூடு கட்டினார். பலகைகளுக்கு நடுவே விரலளவு இடைவெளி. பச்சை நிறம் அடித்தார். நாங்கள் இருவரும் கூட நின்று ஆணி எடுத்துக் கொடுத்தோம். முடிந்ததும், இனிமேல் சத்தமும் இல்லை, காற்றும் இல்லை என்று சொல்லி எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் நன்றி சொன்னோம்.

உள்ளே வந்ததும் என் கணவர் மெல்லச் சொன்னார். "உது மூச்சு முட்டப் போகுது. விட்ட காத்தையே திரும்ப இழுக்கும்."

அப்படியென்றால் ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நாள் முழுக்க நிண்டு செய்திருக்கிறார். வீடும் அவற்ர வீடு. நான் என்னெண்டு சொல்லுறது?"

கூட்டுக்குள் மாட்டிய மெஷின் தான் தள்ளிய குளிர்காற்றையே சுற்றிச் சுற்றிக் குடித்தது. ஐஸ் முன்னையைவிட அதிகமாகக் கட்டியது. அதை உருக்க அது அடிக்கடி நின்றது. மேலே வெப்பம் வரவில்லை. எங்கள் படியில் தண்ணீர் இன்னும் கூட வடிந்தது. என் கணவர் வேலைக்குப் போகும்போது சுடுதண்ணீர்க் கேத்திலைக் கொண்டுபோய்ப் படியில் ஊற்றிவிட்டுப் போவார். றப்பர் பூட்ஸின் அடியில் ஆழமான வெட்டுகள் இருந்தன. அதனால் அவர் ஒருநாளும் சறுக்கவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போவேன்.

கடைசியில் அண்ணர் லீவு போட்டு மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் ஒரு வெள்ளைக்கார இளைஞன், வேறு எங்கோ போகும் அவசரத்தில் இருந்தான். கூட்டைக் கண்டதும் யார் இதைச் செய்தது என்று கேட்டான். அண்ணர் குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தார். பிறகு எங்கள் வாசலில் நின்றே அண்ணருக்கு எல்லாவற்றையும் சொன்னான். நானும் நின்று கேட்டேன். வெளிப்பெட்டியைச் சுற்றி வெளி வேண்டும், இந்தப் பலகையெல்லாம் இன்றைக்கே கழற்ற வேண்டும். குளிர்காலத்தில் நிறுத்தி நிறுத்திப் போடக் கூடாது. இருபதில், அல்லது அதற்கும் ஒன்றிரண்டு குறைவாக வைத்து ஓடவிட்டால் மெஷின் மெதுவாக ஓடும், மின்சாரமும் குறையும். முப்பதில் வைத்தால் கெதியில் சூடாகாது, நெடுநேரம் முழுமூச்சில் ஓடும், அவ்வளவுதான். சூடு வேண்டிய அறைகளைத் தவிர மற்றக் கதவுகளைச் சாத்துங்கள். காற்று கீழ்நோக்கி அடிக்கும்படி இதழைத் திருப்புங்கள், சூடு தானாகவே மேலே போகும். வலைத்தட்டைக் கழுவுங்கள். கடைசியாக எங்கள் படியைக் காட்டி, உருகிற தண்ணீருக்கு ஒரு குழாய் போட்டுத் தோட்டத்துக்குள் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது விழுவார்கள் என்றான்.

அண்ணர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்றைக்கே கூட்டைக் கழற்றினார். அன்றைக்கே வலைத்தட்டைக் கழுவினார். ரிமோட்டில் இருபது வைத்து, அதை மாற்றக் கூடாது என்று மகளுக்கும் சொன்னார். குழாயை மட்டும் போடவில்லை. நான் அடுத்த வாரம் ஞாபகப்படுத்தினேன். பார்க்கலாம் என்றார். அதற்கடுத்த வாரமும் கேட்டேன். அப்போது அக்கா குறுக்கிட்டு, ஏற்கனவே எங்களுக்காகக் கூடு கட்டப்போய்த்தான் ஏர்கோன் கெட்டுப்போகப் பார்த்தது என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஆனால் சரியாக ஓட்டத் தொடங்கியதும் நிலைமை உண்மையிலேயே மாறியது. மேலே வீடு ஒரே சீராக இதமாக இருந்தது. வெளிப்பெட்டி முன்போல் இரையவில்லை, ஐஸும் குறைவு. நல்ல உறைபனி விழுந்த காலைகளில்கூடப் படியில் ஒரு ஓரம் மட்டும்தான் நனைந்திருந்தது. என் கணவர் கேத்திலோடு வெளியே போவதை நிறுத்திவிட்டார். இனி மாரி முடிந்துவிடும் என்று நானும் நினைத்தேன்.

இந்த நேரத்தில்தான் அவருக்கு நேர்முகம் வந்தது. வீடுகளுக்கு வரைபடம் செய்யும் ஒரு சின்ன அலுவலகம். பழைய ஆட்களை வைத்து இன்னும் கையாலேயே வரைபவர்கள். ஒருவர் ஓய்வு பெறுவதால் ஆள் தேடினார்கள். என் கணவர் அனுப்பிய மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டு, வந்து மேசையில் இருந்து ஒரு படம் வரைந்து காட்டச் சொன்னார்கள். அந்த நாட்களில் அவர் பொதி வேலையால் வந்ததும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். குசினி மேசையைத் துடைத்து, தாளை ஒட்டி, கோடு போட்டுப் பழகுவார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

அந்த வாரம் மேலே விருந்தாளிகள் வந்தார்கள். அக்காவின் அண்ணனும் அண்ணியும், மலேசியாவில் ஈப்போவில் இருந்து. குளிர் என்றால் என்னவென்று அறியாதவர்கள். வந்த அன்றைக்கே ரிமோட் திரும்பவும் முப்பதுக்குப் போனது. நான் பின்னேரம் மேலே போனபோது அண்ணி போர்வையைச் சுற்றிக்கொண்டு நேரே உள்பெட்டிக்குக் கீழே கதிரை போட்டு இருந்தா. அவவின் கணவர் சிகரெட் பிடிக்கப் பல்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எல்லா அறைக் கதவும் திறந்து கிடந்தன. மெக்கானிக் இருபதில் வைக்கச் சொன்னானே என்று அக்காவிடம் மெல்லச் சொன்னேன்.

"விருந்தாளிங்க வந்திருக்காங்கம்மா. நாலு நாளு ஒன்னும் ஆயிடாது லா," என்றா.

நேர்முகத்து அன்று காலை புல் எல்லாம் வெள்ளையாக இருந்தது. அவர் கழுத்துப்பட்டி கட்டினார். ஊரிலிருந்து கொண்டுவந்து ஒருநாளும் போடாமல் வைத்திருந்த தோல் சப்பாத்தை எடுத்து மினுக்கிப் போட்டார். அடி வழுவழுப்பான சப்பாத்து. படங்களைச் சுருட்டி ஒரு குழலில் வைத்து வலது கையில் பிடித்துக்கொண்டார். ரயிலுக்கு நேரம் இருந்தது. போய்வாறன் என்று சொல்லிக் கதவைத் திறந்தார். நான் அடுப்பின் பக்கம் திரும்பினேன். குழல் கொங்கிறீற்றில் விழுந்து உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது.

அவர் பக்கவாட்டில் கிடந்தார். வலது கை உடம்புக்குக் கீழே போயிருந்தது. தூக்க முயன்றபோது மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்ததைக் கண்டேன். அவர் கத்தவில்லை. "அவைக்கு ஒரு ஃபோன் அடிச்சுச் சொல்லும், நான் பிந்தி வாறன் எண்டு," என்றார். அந்தக் கையோடு அவர் இன்னும் போக நினைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பக்கத்தில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணர்தான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வேலைக்குப் பிந்தி, நாங்கள் எக்ஸ்றே எடுத்து முடியும்வரை கூட இருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கே விழுந்தீர்கள் என்று தாதி கேட்டபோது என் கணவர் வாய் திறக்க முன்னர் அண்ணர் பதில் சொன்னார்: வெளியே, உறைபனியில் சறுக்கிவிட்டார் என்று. பொய் இல்லை. அந்தப் பதிலில் எங்கள் படியும் இல்லை, அவருடைய மெஷினும் இல்லை.

பின்னேரம் அக்கா ஒரு பாத்திரத்தில் சூப் கொண்டு கீழே வந்தா. கட்டுப் போட்ட கையைப் பார்த்து உச்சுக்கொட்டினா. குளிர் நேரத்தில் பார்த்து நடக்க வேண்டாமா, அதுவும் இந்த மாதிரிச் சப்பாத்தோடு என்றா.

"அக்கா, அது பனி இல்லை. உங்கட மெஷினால வடிஞ்ச தண்ணி," என்றேன். "குழாய் போடச் சொல்லி அவன் சொல்லேக்க நானும் நிண்டனான். பிறகு நான் உங்களிட்ட ரெண்டு தரம் கேட்டனான்."

அவவின் முகம் மாறியது. என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துத்தான் பேசினா.

"நாங்க ஒங்கள வேத்தாளாவா நெனச்சோம்? யாருமே இல்லாம வந்தீங்க, கூடப்பொறந்தவங்க மாதிரி வச்சிக்கிட்டோம். இப்ப எங்களாலதான் விழுந்தீங்கன்னு சொல்றீங்களா?"

"நீர் பேசாமல் இரும்," என்றார் என் கணவர். என்னிடம். பிறகு அக்காவிடம், "அவ பயத்தில கதைக்கிறா. குறை நினைக்காதேங்கோ," என்றார்.

அக்கா படியேறிப் போய்விட்டா. சூப் பாத்திரம் மேசையில் இருந்தது. நான் அதைக் கொட்டிக் கழுவி, மேற்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அன்றும் பிறகும் என் கணவர் அவர்களைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. கால் தவறியது தனக்கு, அதற்கு மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பார். எனக்கு அந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியவில்லை. உடைந்த கை அவருடையது என்றால், அந்தக் கையை நம்பியிருந்த நான் யார் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

விருந்தாளிகள் ஊருக்குப் போன சனிக்கிழமை, அண்ணர் தோட்டத்துக் குழாயில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்தார். வெளிப்பெட்டியின் அடியில் இருந்த ஓட்டையில் அதைச் செருகி, ஒரு கிளிப் போட்டு இறுக்கி, மறுமுனையைப் பூச்செடிக்குள் விட்டார். யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் வைத்த உலை கொதிக்க முன்னர் அவர் வேலையை முடித்துவிட்டு மேலே போய்விட்டார்.

அந்த அலுவலகம் கொஞ்ச நாள் காத்திருந்தது. பிறகு வேறு ஒருவரை எடுத்துக்கொண்டோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். கட்டு அவிழ்த்தபோது மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. இரும்பு வைத்துத் திருத்தினார்கள். பயிற்சி கொடுத்தார்கள். சாப்பிடலாம், கையெழுத்துப் போடலாம், பெட்டி தூக்கலாம். நீளமான ஒரு கோட்டை ஒரே இழுப்பில் இழுக்க மட்டும் முடியவில்லை, நடுவில் நடுங்கியது. அவர் சில நாட்கள் குசினி மேசையில் முயன்று பார்த்தார். பிறகு வரைபலகையைச் சுவரோடு சாய்த்து வைத்தார். கொட்டகையில் திரும்பவும் சேர்ந்து, ஓடும் பட்டியில் வரும் கரட்டில் அழுகலைப் பொறுக்கும் இடத்தில் நின்றார். இப்போது எல்லாரும் கொம்பியூட்டரில்தானே வரைகிறார்கள், எப்படியும் கையால் வரைகிறவனுக்கு வேலை இருந்திராது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லுவார். அவர் அதை நம்பினாரோ தெரியாது. நான் நம்பவில்லை.

மேல்வீட்டு மகளைப் பார்த்துக்கொள்ள அக்கா வேறு ஒரு பெண்ணை ஒழுங்கு செய்துவிட்டா. எங்களிடம் சொல்லவில்லை. ஒருநாள் பள்ளி வாசலில் நான் போய் நின்றபோது பிள்ளை இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போவதைக் கண்டேன். அவள் எனக்குக் கை காட்டினாள். வசந்தம் வந்ததும் நாங்கள் தகனினியில் ஒரு பழைய யூனிற்றுக்கு மாறினோம். ஹீட்டர் கூட இல்லாத வீடு. ஆனால் வாசல் வடக்குப் பார்த்தது. போகும் அன்று அண்ணர் இறங்கி வந்து பெட்டிகளைத் தூக்க உதவினார். அக்கா வரவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் போன பிறகு, பாபகூராக் கடையொன்றில் ஒரு தமிழ்நாட்டுப் பெண் என்னோடு பேச்சுக் கொடுத்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், வயிற்றில் பிள்ளை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். தெருவைச் சொன்னாள், பிறகு வீட்டைச் சொன்னாள். நானும் அதே கீழ்வீட்டில்தான் இருந்தேன் என்றதும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் பின்வாங்கியது.

"நீங்கதானாக்கா அது? மேல அக்கா சொல்லியிருக்காங்க," என்றாள். மேற்கொண்டு சொல்லத் தயங்கி, பிறகு சொன்னாள். "உங்களுக்காக எவ்வளவோ பண்ணாங்களாம். கடைசில நீங்க சண்டை போட்டுட்டுப் போயிட்டீங்கன்னு வருத்தப்பட்டாங்க."

நான் என் பக்கத்தைச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் கை தள்ளுவண்டியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. போக வழி பார்த்து நிற்பவளிடம் எங்கே தொடங்குவது? உறைபனிக் காலையில் அந்தப் படியில் கவனமாக இறங்கு, அடி நல்லாய்ப் பிடிக்கிற செருப்பைப் போடு என்று மட்டும் சொன்னேன். அவள் சரிக்கா என்றாள். வம்பு பிடித்தவர்கள் என்று கேள்விப்பட்டவர்களிடம் காட்டும் பணிவு அது. மேல அக்கா ரொம்ப நல்லவங்க, குளிர் அதிகமானா மேல வந்து உக்காந்துக்கச் சொல்லியிருக்காங்க என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து இதை என் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் அவர்களுக்காகவும் ஏதாவது ஒரு நியாயம் கண்டுபிடித்திருப்பார். அதை உட்கார்ந்து கேட்கும் பொறுமை அன்று எனக்கு இருக்கவில்லை.